முட்டுவலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், நான் மருந்தாளுநராக இருக்கும் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் பார்த்த நிகழ்வு இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன். இதில் வருகிற மருந்துகளில் ஒன்றுகூட அபூர்வமானது இல்லை. பெரும்பாலான வீடுகளில் இவற்றில் இரண்டு மருந்தாவது அலமாரியில் இருக்கும்.

பின்னணி

நோயாளி 61 வயதுப் பெண். இருபது வருடத்துக்கும் மேலாக அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை. பருப்பில் தொலி உரிக்கும் பகுதி. காலையிலிருந்து சாயங்காலம் வரை தாழ்ந்த பலகையில் காலை மடக்கி உட்கார வேண்டும். அந்த வேலை செய்பவர்களுக்கு முட்டுவலியும் நடுவுவலியும் (இடுப்புவலி) வருவது யாருக்கும் ஆச்சரியம் இல்லை; இவருக்கும் இருந்தது.

எட்டு வருடமாக ரத்த அழுத்தம், ஐந்து வருடமாகச் சர்க்கரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி., காலையும் இரவும். அழுத்தத்துக்கு முதலில் டெல்மிசார்டன் 40 மி.கி. மட்டும். இங்கே வருவதற்கு மூன்று மாதம் முன்பு அழுத்தம் 158/94 இருந்ததால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அதை டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக மாற்றியிருந்தார். இரண்டாவது மருந்து, சிறுநீரைக் கூட்டி உப்பையும் நீரையும் வெளியேற்றும் வகை. நோயாளியைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. முன்பும் ஒரு மாத்திரை, இப்போதும் ஒரு மாத்திரை. நிறம்தான் வேறு.

ஐந்து மாதம் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 0.9. அதாவது சிறுநீரகத்தில் குறை எதுவும் இல்லை.

வந்த நாள்

மார்ச் மாதம், நல்ல வெயில். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்த மறுநாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நாளில் போக்கு நின்றுவிட்டது. ஆனால் தளர்ச்சி நிற்கவில்லை. எழுந்தால் தலைசுற்றல், சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்கரிப்பு. மூன்றாம் நாள் மத்தியானம் மகள் ஆட்டோவில் கூட்டி வந்தார்.

நாக்கு உலர்ந்திருந்தது. அழுத்தம் 94/60, நாடி 108, காய்ச்சல் இல்லை, மூச்சு சற்று வேகம். முந்தைய இரவுக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை என்றார். குழாய் வைத்தபோது 60 மி.லி. மட்டும் வந்தது, கட்டன்சாயா (பால் இல்லாத தேநீர்) நிறத்தில்.

முதலில் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான்: நீரிழப்பு, டிரிப் ஏற்றினால் சரியாகும். பரிசோதனை முடிவு வந்தபோது அது பாதி உண்மைதான் என்று தெரிந்தது. யூரியா 128, கிரியாட்டினின் 4.1, சோடியம் 131, பொட்டாசியம் 6.3, பைகார்பனேட் 15. ரத்தத்தின் பிஎச் 7.27, அதாவது அமிலம் கூடியிருந்தது. இசிஜியில் டி அலைகள் கூம்பு போல உயர்ந்திருந்தன. பொட்டாசியம் 5க்குள் இருக்க வேண்டியது, 6.3 என்பது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் இயல்பான அளவு, அடைப்பு இல்லை. பழைய நோய் முற்றியது அல்ல, புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. இரண்டு நாள் வயிற்றுப்போக்கால் மட்டும் கிரியாட்டினின் 0.9இலிருந்து 4.1க்குப் போவது, அதுவும் நடமாடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, பொதுவாக நடப்பதில்லை.

பையில் இருந்தது

சேர்க்கைத் தாளில் மருந்து விவரம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது: பிரஷர் மாத்திரை ஒன்று, மெட்ஃபார்மின் இரண்டு. மருத்துவர் என்னை மறுபடியும் கேட்கச் சொன்னார். கட்டில் பக்கத்தில் நின்று, "அம்மா, வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். "பிரஷருக்கு ஒரு குளிகை, சுகருக்கு ரெண்டு குளிகை. வேற ஒண்ணும் இல்ல மக்ளே" என்றார். தாளில் இருந்த அதே பதில். இந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில் கிடைக்கும். நோய்க்குச் சாப்பிடுவதுதான் மருந்து. வலிக்கு விழுங்குவது அந்தக் கணக்கில் வராது.

அதனால் கேள்வியைத் திருப்பினேன். முட்டுவலிக்கு என்ன செய்வீர்கள்? கடையில் என்ன வாங்குவீர்கள்? கடைசியாக ஊசி எப்போது போட்டீர்கள்? அப்புறம்தான் மகள் தோள்பையைத் திறந்தார். பழைய நகைக்கடை பர்ஸ் ஒன்றுக்குள் கத்தரியால் வெட்டிய அலுமினியத் துண்டு. பத்து மாத்திரை அட்டையிலிருந்து வெட்டியதில் இரண்டு குழி. ஒன்று காலி, ஒன்றில் மாத்திரை. பின்பக்கத்தில் மருந்தின் பெயர் போன இடத்தில் வெட்டு விழுந்திருந்தது. மிச்சம் இருந்தது "ஃபெனாக்" என்ற வால்பகுதியும், கீழே 325 என்ற எண்ணும் மட்டும். காலாவதித் தேதி இல்லை, சீட்டோடு மட்டும் விற்க வேண்டும் என்பதைக் காட்டும் சிவப்புக் கோட்டில் பாதி மட்டும்.

கடைக்குப் போன் செய்து கேட்டோம். தயங்காமல் சொன்னார்கள்: அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325, கூடவே வீக்கத்துக்கு என்று செராஷியோபெப்டிடேஸ். கூட ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்தீர்களா என்று தனியாகக் கேட்டோம். வலிக்குக் கொடுக்கும் பொட்டலங்களில் சின்ன வெள்ளை மாத்திரையாக அது சேர்வது உண்டு. பல வாரம் சாப்பிட்டுவிட்டு வாந்தியில் திடீரென்று நின்றுபோனால், அழுத்தம் இறங்கி, சோடியம் குறைந்து, ஏறக்குறைய இதே கோலத்தில்தான் நோயாளி வருவார். இல்லை என்றார்கள். அட்டையும் மகள் சொன்னதும் அதோடு ஒத்துப்போயின.

மொத்த விவரம் இப்படி விரிந்தது. தீபாவளிக்குப் பிறகிலிருந்து வலி கூடும்போதெல்லாம் இந்த மாத்திரை. வருவதற்கு முந்தைய பன்னிரண்டு நாளாகத் தினமும் இரண்டு. ஒரு வாரம் முன்பு நடுவுவலி அதிகமாகி, ஒரு கிளினிக்கில் அதே வகை வலி மருந்தான டைக்ளோஃபெனாக் ஊசி. வயிற்றுப்போக்கு நாட்களிலும் பிரஷர் மாத்திரை, மெட்ஃபார்மின், வலி மாத்திரை மூன்றும் தவறாமல் உள்ளே போயிருக்கின்றன. "மருந்து மொடக்கப்பிடாது" என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் அதைச் சரியாகவே கடைப்பிடித்திருக்கிறார். போதாததற்கு, தளர்ச்சி தீர வீட்டுத் தென்னையில் இளநீர், நாளைக்கு மூன்று நான்கு. ஒரு இளநீரில் அரை கிராமுக்கு மேலேயே பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் வேலை செய்தால் அது பிரச்சினையே இல்லை. நின்றுபோன சிறுநீரகத்துக்கு அது சுமை.

நாட்டு வைத்தியசாலைக் கஷாயம் ஒன்றும் குடித்ததாக மகன் சொன்னார்; அதுதான் கிட்னியைக் கெடுத்தது என்பது அவர் முடிவு. விசாரித்ததில் கஷாயத்தை நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதன் பிறகு பிரச்சினை இல்லாமல் வேலைக்குப் போயிருக்கிறார். கஷாயத்துக்குள் என்ன இருந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் நாள் கணக்குப் பொருந்தவில்லை. கண்ணுக்கு முன்னால் பொருந்துகிற காரணம் இருக்கும்போது வசதியான குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை.

சிறுநீரகத்துக்குள் என்ன நடந்தது

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. பெரும்பகுதி திரும்ப உள்ளே இழுக்கப்பட்டு ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராகிறது. வடிகட்ட அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தை நிலைநிறுத்தும் விதத்தை விளக்க எனக்கு நாஞ்சில் நாட்டுக் குளம்தான் கைகொடுக்கிறது. குளத்துக்கு வரத்துக்கால் ஒன்று, தண்ணீர் வெளியேற மடை ஒன்று. வறண்ட மாதத்தில் நீர்மட்டத்தைக் காப்பாற்ற வழி இரண்டுதான்: வரத்துக்காலை அகலப்படுத்து, மடையை இறுக்கு.

சிறுநீரக வடிகட்டியும் உடலில் நீர் குறைந்தால் இதையேதான் செய்கிறது. உள்ளே வரும் நுண்தமனியை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். வெளியேறும் நுண்தமனியைச் சுருக்கி வைப்பது ஆஞ்சியோடென்சின் 2. இந்த இரண்டு கையும் சேர்ந்துதான் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகின்றன.

இப்போது மாத்திரைகளைப் பார்ப்போம். ஹைட்ரோகுளோரோதயசைடு, வயிற்றுப்போக்கால் ஏற்கெனவே வறண்ட உடலில் இருந்து இன்னும் உப்பையும் நீரையும் இறக்கியது. அசெக்ளோஃபெனாக் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்தது. வலி குறைவதற்குக் காரணமே அந்தத் தடைதான். 1971இல் ஜான் வேன் ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று காட்டினார்; 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முட்டில் வலியைத் தூண்டும் பொருளும் சிறுநீரகத் தமனியை விரித்து வைக்கும் பொருளும் ஒரே குடும்பம். மாத்திரைக்கு முட்டு எது, கிட்னி எது என்று தெரியாது. வரத்துக்கால் சுருங்கியது. மூன்றாவதாக டெல்மிசார்டன், ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுத்து மடையைத் திறந்து விட்டது. வரத்து இல்லை, மடை திறப்பு, மேலே மழையும் இல்லை. வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிட்டது.

பொட்டாசியம் ஏறியதற்கும் இதே கூட்டணிதான். ஆஞ்சியோடென்சின் தடைபட்டால் ஆல்டோஸ்டிரோன் குறையும். பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுவது ஆல்டோஸ்டிரோன். வலி மாத்திரை, ஆஞ்சியோடென்சின் உண்டாகத் தேவையான ரெனினைக் குறைத்து அதே பாதையை மேலிருந்தும் அடைக்கிறது. தயசைடு வழக்கமாகப் பொட்டாசியத்தைக் குறைக்கும்தான். ஆனால் வடிகட்டலே நின்றுபோன இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இவற்றில் எந்த ஒன்றையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அழுத்த மருந்து சாப்பிடும் கிட்டத்தட்ட 4,87,000 பேரைப் பார்த்தது. வலி மருந்தோடு டெல்மிசார்டன் வகை, நீர் இறக்கும் வகை என்ற அழுத்த மருந்துகளில் ஒன்று மட்டும் சேர்ந்தபோது திடீர் சிறுநீரகப் பாதிப்பு கூடவில்லை. இரண்டும் சேர்ந்து மூன்றானபோது 31 சதவீதம் கூடியது. மூன்றும் சேர்ந்த முதல் 30 நாளில் 82 சதவீதம். நம் நோயாளியின் கையில் இருந்தவை இரண்டு மாத்திரை, அதற்குள் அந்த மூன்று மருந்தும். மாத்திரையை எண்ணினால் ஆபத்து தெரியாது, பெயர்களை எண்ண வேண்டும்.

ஒரு இடைச்செருகல். இதே டைக்ளோஃபெனாக்தான் மாடுகளுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை ஏறக்குறைய அழித்தது. இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006இல் தடை வந்தது. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காக மாறும் அசெக்ளோஃபெனாக்குக்கும் 2023இல் தடை. பறவையின் உடல் வேறு, மனித உடல் வேறு. நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும், கழுகுக்காக மாட்டுக்குத் தடை செய்த மருந்தை மனிதர்கள் சீட்டு இல்லாமல் கத்தரித்து வாங்குகிறோம் என்பது எனக்கு உறுத்தல்தான்.

எடுத்த முடிவுகள்

டெல்மிசார்டன், தயசைடு, வலி மாத்திரை, மெட்ஃபார்மின் நான்கையும் உடனே நிறுத்தினார்கள். மெட்ஃபார்மினை ஏன்? அது உடலில் சிதையாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீர் நின்றால் ரத்தத்தில் சேரும். லாக்டிக் அமிலம் ஏறும். இவருக்கு லாக்டேட் 3.4 இருந்தது. மெட்ஃபார்மினால் வரும் அமிலத்தேக்கம் என்று பெயர் சூட்ட அது போதாது, அலட்சியப்படுத்தவும் முடியாது.

பொட்டாசியத்துக்கு வரிசை முக்கியம். முதலில் கால்சியம் குளுக்கோனேட், இசிஜியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக. அது பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது, இதயத்துக்குக் காவல் மட்டும். அடுத்து இன்சுலின் 10 யூனிட், கூடவே 25 கிராம் குளுக்கோஸ். அது பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளும். சால்பூட்டமால் நெபுலைசரும் அதற்குத்தான். சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் இன்சுலின் நீண்ட நேரம் தங்கும் என்பதால் அடுத்த ஆறு மணி நேரம் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தது. நான்காவது மணியில் 72 வந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் இன்னொரு ஆபத்தாகியிருக்கும்.

சலைன் முதல் 24 மணி நேரத்தில் சுமார் மூன்று லிட்டர், நெஞ்சை அடிக்கடி கேட்டுக்கொண்டே. சிறுநீர் வரவில்லையே என்று ஃப்ரூசிமைடு போடலாமா என்று பேச்சு வந்தது. வறண்ட உடலில் சிறுநீரைப் பிழிந்து எடுப்பதில் பயனில்லை என்று மருத்துவர் மறுத்தார். டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவரிடம் போனில் பேசி ஒரு எல்லை வைத்துக்கொண்டார்கள்: ஆறு மணி நேரத்தில் பொட்டாசியம் 6க்குக் கீழே வராவிட்டால், அல்லது சிறுநீர் தொடங்காவிட்டால், ஆம்புலன்ஸில் அனுப்புவது. குடும்பத்திடமும் அதை மறைக்காமல் சொன்னோம்.

தொடர்ந்து நடந்தது

ஆறாவது மணியில் பொட்டாசியம் 5.6. இரவு பத்து மணியளவில் சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யைத் தாண்டியது. மறுநாள் காலை கிரியாட்டினின் 3.6, மூன்றாம் நாள் 2.2, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகும்போது 1.5. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போகும்போது அழுத்த மாத்திரையே கொடுக்கவில்லை; அழுத்தம் 138/84 இருந்தது. சர்க்கரைக்கு லினாக்ளிப்டின், சிறுநீரகக் குறைவிலும் அளவை மாற்ற வேண்டாதது. கிளிமிபிரைடு தாழ்சர்க்கரைக்குக் கொண்டுபோகலாம் என்பதால் தவிர்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு இளநீரும் ஏத்தம்பழமும் (நேந்திரன் வாழைப்பழம்) வேண்டாம் என்று சொன்னபோது, சாப்பாட்டை விட அதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது.

இரண்டாவது வாரம் கிரியாட்டினின் 1.1, அழுத்தம் 146/88. இங்கே ஒரு கருத்து வேறுபாடு வந்தது. டெல்மிசார்டன் இனி வாழ்நாளுக்கும் வேண்டாம் என்பது குடும்பத்தின் விருப்பம், எங்களில் சிலருக்கும் அந்த எண்ணம். மருத்துவர் ஒப்பவில்லை. சிறுநீரில் லேசாக ஆல்புமின் என்னும் புரதம் போகும் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே அதுதான். ஆபத்து அதன் கூட்டாளிகளால் வந்தது. டெல்மிசார்டன் 40 மட்டும், தனியாக, மறுபடியும் தொடங்கினார். பத்து நாள் கழித்துப் பார்த்ததில் பொட்டாசியம் 4.4, கிரியாட்டினின் அதே 1.1. மெட்ஃபார்மினும் திரும்ப வந்தது.

ஆறாவது வாரம் அழுத்தம் 130/80. கூட்டு மாத்திரை இல்லை, தயசைடு இல்லை. பழைய ஒற்றை மருந்திலேயே.

இதைப் பார்த்தபோதுதான் கூட்டு மாத்திரைக்கு மாற்றிய டிசம்பர் மாதச் சீட்டு முழுசாகப் புரிந்தது. வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தம் உள்ளவர்களுக்குச் சராசரியாக 5 மி.மீ. அளவுக்கு, சிலருக்கு அதைவிட அதிகம். டெல்மிசார்டன் போன்ற மருந்துகளின் பலனையும் அவை மழுக்கும். தீபாவளிக்குப் பிறகு வலி மாத்திரை, டிசம்பரில் அழுத்தம் 158. மருத்துவருக்கு வலி மாத்திரை விஷயம் தெரியாது, அதனால் தயசைடைச் சேர்த்தார். முதல் மருந்தின் பக்கவிளைவுக்குப் புது நோய் என்ற வேடம் கிடைத்தது, அதற்கு இன்னொரு மருந்தும் கிடைத்தது. மூன்றாவது மருந்தை வரவழைத்ததே வலி மாத்திரைதான் என்பது என் கணிப்பு. நிரூபிக்க முடியாது. ஆனால் வலி மாத்திரை நின்றதும் தயசைடு இல்லாமலே அழுத்தம் அடங்கியது.

முட்டுவலி

வலி மாத்திரையை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போனால் வலி போய்விடாது. அடுத்த மாதம் வேறு கடையில் அதே மாத்திரை வாங்குவார். பாராசிட்டமால் 650, தேவைப்படும்போது, நாளைக்கு மூன்று வரை. டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாமா என்று கேட்டார். தடவும்போது ரத்தத்தில் சேருவது மாத்திரையில் சேருவதில் சிறு பங்குதான், ஆனால் பூஜ்யம் அல்ல; கிரியாட்டினின் சீரான பிறகு, ஒரு முட்டுக்கு மட்டும், குறைந்த நாள் என்று அனுமதித்தார்கள். பிசியோதெரபிஸ்ட் தொடை முன்தசைக்கு இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அதைவிட உதவியது, மகள் ஆபீஸில் பேசி வாங்கித் தந்த உயரமான ஸ்டூல். மருந்துச் சீட்டில் எழுத முடியாத சிகிச்சை.

எங்களிடம் மாற்றியவை

சேர்க்கைத் தாளில் "தற்போது எடுக்கும் மருந்துகள்" என்ற ஒற்றை வரியை எடுத்துவிட்டோம். வலிக்கு, தூக்கத்துக்கு, வாயுவுக்கு, சளிக்கு, ஊசி, தடவுவது, வைத்தியசாலை மருந்து என்று இப்போது தனித்தனியாகக் கேட்கிறோம். பையைத் திறந்து காட்டச் சொல்கிறோம். கூட்டு மாத்திரை என்றால் ஒவ்வொரு மருந்தும் தனி வரியில்.

டெல்மிசார்டன் வகையோ, நீர் இறக்கும் மருந்தோ, மெட்ஃபார்மினோ வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன அட்டை கொடுக்கிறோம். வாந்தி, பேதி வந்து கஞ்சியும் தண்ணியும் உள்ளே நிற்காத நாளில், மருத்துவரைக் கேட்டு இவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். சரியாகச் சாப்பிட ஆரம்பித்து ஒன்று இரண்டு நாளில் மறுபடி தொடங்க வேண்டும். அந்த நாட்களில் வலி மாத்திரை கூடவே கூடாது. இந்த முறையைப் பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சோதனைகள் வழியாக வந்த சான்று இன்னும் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கவலை வேறு: நிறுத்தியதை மறுபடி தொடங்க மறந்துவிடுவார்களோ என்பது. அதனால் அட்டையின் பின்பக்கம் "எப்போது திரும்ப ஆரம்பிப்பது" என்ற பகுதிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மாத்திரை கொடுத்த கடைக்காரர் நேரில் வந்து பேசினார். சீட்டு இல்லாமல் இனி கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் நம்பியிருக்க மாட்டோம். முட்டுவலிக்கு என்று வருபவர்களிடம் பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்பதாகவும், அட்டையை வெட்டினால் உறையில் பெயர் எழுதுவதாகவும் ஒத்துக்கொண்டார். அதை இப்போது செய்கிறார். டிசம்பரில் சீட்டு மாற்றிய மருத்துவருக்கும் ஊசி போட்ட கிளினிக்குக்கும் நடந்ததை விவரித்துக் கடிதம் போனது. மருத்துவர் அன்றே கூப்பிட்டுப் பேசினார். கிளினிக்கிலிருந்து பதில் வரவில்லை.